பேர் வாங்குவதற்கு முன் போட்ட பாட்டு

606 டாலர் 17 சென்ட். நிர்வானா குழுவின் முதல் ஆல்பமான ‘ப்ளீச்’சைப் பதிவு செய்ய ஆன செலவு அவ்வளவுதான். 1988 டிசம்பரில் தொடங்கி அடுத்த மாதம் வரை, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், கூட்டிக் கழித்தால் முப்பது மணி நேர வேலை. அந்தப் பணமும் பாடியவர்கள் கையில் இல்லை. ஜேசன் எவர்மேன் என்ற நண்பர் கொடுத்தார். நன்றிக்கடனாக, கிட்டார் வாசித்தவர் என்று ஆல்பத்தின் உறையில் அவர் பெயரைப் போட்டார்கள். அட்டைப் படத்திலும் அவர் இருக்கிறார். ஆனால் ஆல்பத்தில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. பெரிய மொய் வைத்தவரை மணமேடையில் நிற்கவைத்துப் படம் எடுப்பதுபோல!

1989-ல் வந்த அந்த ஆல்பம், அடுத்த இரண்டு ஆண்டுகளில் சுமார் நாற்பதாயிரம் பிரதிகள் விற்றது. 1991 செப்டம்பரில் ‘நெவர்மைண்ட்’ வந்தது. நான்கே மாதத்தில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சர’ஸைக் கீழே இறக்கிவிட்டு, பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதோடு நிர்வானா ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். “ப்ளீச் கேட்டிருக்கியா?” என்று கேட்டு மற்றவர்கள் வாயை அடைப்பவர்கள் ஒரு கட்சி. ‘நெவர்மைண்ட்’ கேட்டு வந்தவர்கள் இன்னொரு கட்சி.

இந்த முதல் கட்சி எல்லா ஊரிலும் உண்டு. ‘பேர் வாங்குவதற்கு முன் போட்டதுதான் அசல். அப்புறம் எல்லாம் வியாபாரம்’ என்பதுதான் அவர்கள் கொள்கை. நம் ஊரிலும் ராஜாவுக்கு 80-கள், ரஹ்மானுக்கு 90-கள் என்று வரப்பு கட்டி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மறுப்பவர்கள் எத்தனை பேர்! நமக்கு முன்னாலேயே தெரிந்த ஒருவரை ஊரே கொண்டாடும்போது வருகிற பொறாமையும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது. பதினாறு வயதில் கேட்ட பாட்டு மனதில் பிடிக்கும் இடத்தை நாற்பது வயதில் கேட்கும் பாட்டு பிடிப்பதில்லை என்பதும் உண்டு. ஆனால், வெறும் பொறாமை, ஏக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

ஒரே நாளில் ஓர் ஆல்பம்

1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ. பீட்டில்ஸ் நால்வரும் காலை பத்து மணி வாக்கில் உள்ளே போகிறார்கள். ஜான் லெனனுக்குக் கடுமையான ஜலதோஷம். தொண்டை மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டும் இடையிடையே பால் குடித்துக்கொண்டும் பாடுகிறார். இரவு பத்தரை மணி ஆகும்போது பத்துப் பாட்டுகள் முடிந்திருந்தன. கடைசியாக, தொண்டையைக் கிழிக்கும் ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. அதை முதலில் பாட வைத்தால் குரல் போய்விடும், மற்ற எதையும் பாட முடியாது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். லெனன் ஒரே மூச்சில் பாடினார். அந்த முதல் டேக்தான் இன்றும் நாம் கேட்பது. இரண்டாவது டேக் பாடிப் பார்த்தபோது தொண்டையில் எதுவும் மிச்சமில்லை. ஏற்கெனவே தனித்தனித் தட்டுகளாக வந்திருந்த நான்கு பாட்டுகளைச் சேர்த்து, ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ ஆல்பம் தயார்.

ஒரே நாளில் எப்படி முடிந்தது? அது ஒரு நாள் வேலையே இல்லை என்பதால்தான். 1960-லிருந்து 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகப் பகுதியில், குடிகாரர்களும் கப்பல்காரர்களும் கூடும் விடுதிகளில் அவர்கள் இரவு இரவாக மணிக்கணக்கில் வாசித்திருக்கிறார்கள். கேட்பவர்களுக்குப் பீட்டில்ஸ் யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை. பாட்டுப் பிடிக்காவிட்டால் மேடையை நோக்கிக் கத்துவார்கள். எந்த இடத்தில் கூட்டம் திரும்பிப் பார்க்கிறது, எந்த இடத்தில் பேச்சுச் சத்தம் எழுகிறது என்று அங்கேதான் கற்றார்கள். லண்டனில் அன்று நடந்தது அந்த இரண்டரை ஆண்டின் அறுவடை.

நம் பக்கமும் இதே கதைதான். இளையராஜாவின் முதல் படம் 1976-ல் வந்த ‘அன்னக்கிளி’. அதற்கு முன்னால் அண்ணன் பாவலர் வரதராஜனுடன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் ஊர் ஊராகப் பாடிய ஆண்டுகள் இருக்கின்றன. சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசையும் கற்ற ஆண்டுகள், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த ஆண்டுகள், கிட்டார் வாசித்த எத்தனையோ ஒலிப்பதிவுகள். ஏ.ஆர். ரஹ்மானுக்கு 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது வயது 25. ஆனால் அப்பா ஆர்.கே. சேகர் இறந்து, பள்ளிக்கூட வயதிலேயே கீபோர்டு வாசித்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டி வந்தவர் அவர். எம்.எஸ்.வி.யிலிருந்து இளையராஜா வரை பலரிடம் வாசித்தார். பிறகு விளம்பரப் படங்களுக்கு மெட்டுப் போட்டார். லியோ காபி விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். முப்பது விநாடியில் ஒரு காபித் தூளை ஞாபகத்தில் நிறுத்துவது எப்படி என்று கற்றவர், ஐந்து நிமிடப் பாட்டை வீணடிப்பாரா?

முதல் ஆல்பத்துக்கு ஒரு கலைஞன் தன் ஆயுள் முழுவதும் தயாராகிறான், இரண்டாவதுக்கு ஆறு மாதம்தான் கிடைக்கிறது என்று இசைக்காரர்கள் சொல்வதுண்டு. ஆறு மாதத்திலும் பாதி, விமான நிலையத்திலும் ஓட்டல் அறையிலும் பேட்டி கொடுப்பதிலும் போய்விடும்.

எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது?

முதல் கட்சிக்காரர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது. ஓர் ஆல்பம் ‘பேர் வாங்கிய பிறகு’ வந்ததா என்பதைத் தீர்மானிக்க, அது கடைக்கு வந்த தேதியைப் பார்க்கக் கூடாது. பதிவான தேதியைப் பார்க்க வேண்டும். ‘நெவர்மைண்ட்’ பதிவானது 1991 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். அப்போது நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன் யார் என்று அமெரிக்காவில் அநேகம் பேருக்குத் தெரியாது. நிறுவனமே முதலில் ஐம்பதாயிரத்துக்கும் குறைவான பிரதிகளைத்தான் கடைகளுக்கு அனுப்பியது. ஆகவே அதுவும் பேர் வாங்குவதற்கு முன் போட்ட பாட்டுதான். ‘ரோஜா’வும் அப்படியே. கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ‘அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்ஷன்’ 1987 ஜூலையில் வந்து, முதலிடம் பிடிக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அதுவும் அப்படியே.

இப்படிப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு குழு பத்து ஆல்பம் போட்டால் பத்தும் ஒரே தரத்தில் இருக்காது. அதில் எது அபாரமாக அமைகிறதோ, அதுதான் அவர்களை ஊரறியச் செய்யும். பதிவு செய்யும்போது அவர்கள் யாரோ எவரோ. அடுத்த ஆல்பம் பெரும்பாலும் ஒரு படி கீழே இருக்கும். புகழ் கெடுத்ததால்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. உச்சி ஏறியவர் அடுத்த அடியை இறக்கத்தில்தான் வைக்க முடியும். இரண்டாவதும் மூன்றாவதும் சோடை போய்க் காணாமல் போனவர்களும், நல்ல முதல் ஆல்பம் போட்டு யார் காதுக்கும் எட்டாமல் போனவர்களும் இந்த விவாதத்துக்கு வருவதே இல்லை. நிக் டிரேக் என்ற ஆங்கிலேயர் 1969-லிருந்து 1972-க்குள் மூன்று ஆல்பம் போட்டார், மூன்றும் விற்கவில்லை. 1974-ல் இறந்தார். கால் நூற்றாண்டு கழித்து ஒரு கார் விளம்பரத்தில் அவர் பாட்டு வந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. இவருக்கு எது ‘முன்’, எது ‘பின்’?

மெட்டாலிகா வழக்கு

முதல் கட்சியின் மிகப் பலமான சாட்சி மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழு. 1982-ல் அவர்களுடைய டெமோ கேசட், ரசிகர்கள் ஒருவருக்கொருவர் நகல் எடுத்துத் தபாலில் அனுப்பியே ஊர் ஊராகப் பரவியது. அடுத்த ஆண்டு முதல் ஆல்பம். 1985-ன் கடைசி மாதங்களில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ செய்தார்கள். தலைப்புப் பாட்டு எட்டரை நிமிடம். வானொலிக்கு லாயக்கில்லாத நீளம். வீடியோவும் எடுக்கவில்லை. 1986 மார்ச்சில் வெளிவந்தது. அந்த செப்டம்பரிலேயே, ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவருக்கு 24 வயது.

ஐந்து ஆண்டு கழித்து, கறுப்பு அட்டை போட்ட அவர்களுடைய ஐந்தாவது ஆல்பம் வந்தது. பாப் ராக் என்ற தயாரிப்பாளர், எட்டு மாதத்துக்கு மேல் வேலை, பத்து லட்சம் டாலர் செலவு, மூன்று முறை மறுபடி மறுபடி மிக்ஸிங். பாட்டுகள் சுருங்கின, வேகம் குறைந்தது, பாட்டு வரிகளில் ‘நான்’ வந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல் விற்றது. பழைய ரசிகர்கள் ‘விலைபோய்விட்டார்கள்’ என்றார்கள்.

என் கட்சி என்ன என்று கேட்டால், ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’தான். அந்த எட்டரை நிமிடப் பாட்டு நடுவில் திடீரென்று அடங்கி, இரண்டு கிட்டார்கள் சாந்தமாகப் பேசிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. வானொலிக்காரன் என்ன நினைப்பான் என்ற கவலை இருந்தவர்களுக்கு அந்த இடம் தோன்றியிருக்காது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் 2016-ல் சேர்த்ததும் இந்த ஆல்பத்தைத்தான். ஆனால் கறுப்பு ஆல்பம் சோம்பேறித்தனமான வேலை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தனித்தனியாக வாசித்து ஒட்டும் பழக்கத்தை விட்டு, நால்வரையும் ஒரே அறையில் உட்காரவைத்து வாசிக்க வைத்தார் பாப் ராக். டிரம்ஸ் சத்தம் அப்படி நெஞ்சில் இறங்குவது அதனால்தான். அவர்கள் மாறியது காசுக்காக என்று சொல்வது சுலபம். எட்டு நிமிடப் பாட்டே அவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

புகழைச் செலவழித்தவர்கள்

எதிர்க்கட்சிக்கும் சாட்சிகள் உண்டு. அதில் முதலில் நிற்பவர் ஸ்டீவி வொண்டர். பதின்மூன்று வயதில், 1963-லேயே, அமெரிக்காவின் முதலிடப் பாட்டு அவருடையது. மோட்டவுன் நிறுவனம் சொன்னதைப் பாடி வளர்ந்தவர். 1971 மே மாதம் 21 வயது ஆனது. சிறுவனாகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று எழுந்து வந்தார். அதுவரை அவர் பெயரில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த பணம் கைக்கு வந்தது. நியூயார்க்கில் ஓர் அறையளவு சிந்தசைசரைக் கட்டி வைத்திருந்த இரண்டு ஒலிப் பொறியாளர்களைத் தேடிப் போனார். இரவும் பகலும் ஸ்டுடியோவிலேயே கிடந்தார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் ‘டாக்கிங் புக்’, ‘இன்னர்விஷன்ஸ்’, ‘ஃபுல்ஃபில்லிங்னஸ் ஃபர்ஸ்ட் ஃபினாலே’, ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்’ என்று வரிசையாக வந்தன. கடைசி மூன்றும் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ கிராமி விருது பெற்றன. நடுவில் ஓர் ஆண்டு அவர் ஆல்பம் போடவில்லை. அந்த ஆண்டு விருது வாங்கிய பால் சைமன், “இந்த வருஷம் ஆல்பம் போடாததற்கு ஸ்டீவி வொண்டருக்கு நன்றி” என்று மேடையிலேயே சொன்னார்!

பீட்டில்ஸும் இதே வேலையைத்தான் செய்தார்கள். 1966 ஆகஸ்ட் 29-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு கச்சேரிச் சுற்றுப்பயணத்துக்கு முழுக்குப் போட்டார்கள். கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்பது அவர்கள் குறை. நவம்பரில் ஸ்டுடியோவுக்குள் போனவர்கள் அடுத்த வசந்தம் வரை வெளியே வரவில்லை. முதல் ஆல்பத்துக்கு ஒரு நாள், ‘சார்ஜன்ட் பெப்ப’ருக்கு ஐந்து மாதம். பேர் வாங்காத ஒரு குழு கேட்டிருந்தால் எந்த நிறுவனம் ஐந்து மாதம் கொடுத்திருக்கும்?

ரேடியோஹெட் குழுவின் கதை முதல் கட்சிக்கு நேர் எதிர். பேர் வாங்கித் தந்த ‘க்ரீப்’ இருக்கும் முதல் ஆல்பம்தான் (1993) அவர்களுடைய ஆல்பங்களிலேயே சுமார். அந்தப் புகழின் பலத்தில், பாத் நகரத்துக்கு அருகே ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து, 1997-ல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டரை’ச் செய்தார்கள். 2000-ல் வந்த ‘கிட் ஏ’வுக்கு சிங்கிளும் கிடையாது, வழக்கமான வீடியோவும் கிடையாது. அப்படியும் அமெரிக்காவில் முதலிடம்.

பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ எட்டாவது ஆல்பம். 1973 மார்ச்சில் வெளிவந்தது. ஆனால் 1972 தொடக்கத்திலிருந்தே அதை முழுதாக மேடைகளில் வாசித்து, தேறாததை மாற்றிக்கொண்டே வந்தார்கள். புகழ் வந்த பிறகு அடுத்ததைச் செய்ய உட்கார்ந்தபோது கையில் எதுவும் இல்லை. ரப்பர் வளையம், கண்ணாடிக் கோப்பை என்று வீட்டுச் சாமான்களை வைத்தே ஒரு ஆல்பம் செய்யப் பார்த்துக் கைவிட்டார்கள். கடைசியில், வெறுமையையும் இசை வியாபாரத்தையும் பற்றியே பாடி ‘விஷ் யூ வேர் ஹியர்’ வந்தது. எனக்கு ‘டார்க் சைடை’விட இதுதான் ஒரு பிடி மேல்.

இவர்கள் எல்லோரும் புகழையும் பணத்தையும் கொடுத்து எதை வாங்கினார்கள்? பேர் இல்லாத காலத்தில் சும்மா கிடைத்ததைத்தான் வாங்கினார்கள்: அவசரமில்லாத நேரம், தோற்றுப் பார்க்க ஓர் இடம். ‘பேர் வாங்குவதற்கு முன் போட்டதுதான் அசல்’ என்பதில் உண்மையான பாதி இதுதான்.

ஆனால் நேரம் மட்டும் போதுமா என்றால், கன்ஸ் அண்ட் ரோஸஸின் ‘சைனீஸ் டெமாக்ரஸி’ இருக்கிறது. 90-களில் தொடங்கியது 2008-ல் வந்தது. ஒரு கோடி டாலருக்கு மேல் செலவானதாகப் பத்திரிகைகள் எழுதின. பழைய குழுவில் பாடகர் ஆக்ஸல் ரோஸும் கீபோர்டுக்காரரும் மட்டுமே மிச்சம். “போதும், இது சரியில்லை” என்று முகத்துக்கு நேரே சொல்ல அறையில் யாரும் இல்லை. ஹாம்பர்க் குடிகாரன் இலவசமாகச் செய்த வேலை அது.

புகழ் உச்சியில் நிர்வானா தேடியது அப்படி ஓர் ஆளைத்தான். ‘நெவர்மைண்ட்’ ரொம்பவும் வழவழப்பாகிவிட்டது என்று கோபேனுக்கே குறை இருந்தது. ஸ்டீவ் அல்பினி என்ற ஒலிப் பொறியாளரிடம் போனார்கள். விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் ரிப்பேர் செய்பவருக்குப் போல வேலைக்கான கூலி மட்டும் போதும் என்று கடிதம் எழுதியவர் அவர். பங்கு வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் பெரும் தொகையை விட்டு, ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டார். 1993 பிப்ரவரியில் மினசோட்டாவில் காட்டுக்கு நடுவே ஒரு ஸ்டுடியோவில், இரண்டே வாரத்தில் ‘இன் யூட்டரோ’ முடிந்தது. நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பாட்டுகளை வேறொருவரை வைத்துத் திருத்தினார்கள். அப்படியும் முதலிடத்தில்தான் வந்து இறங்கியது. ‘ப்ளீச்’சா, ‘நெவர்மைண்டா’ என்று அடித்துக்கொள்கிறார்களே, நிர்வானாவின் மிகச் சிறந்த ஆல்பம் இந்த மூன்றாவதுதான்.

சினிமா என்ற தனிக் கணக்கு

தமிழில் இந்தக் கேள்வி வேறு மாதிரி முட்டுகிறது. இங்கே ஆல்பம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது, படம்தான் உண்டு. முதல் படம் ஓடினால் அடுத்த வாரமே வாசலில் தயாரிப்பாளர் வரிசை. 80-களின் நடுவில் இளையராஜா ஓர் ஆண்டில் நாற்பது படங்களுக்கு மேல் செய்தார். ஆங்கில இசைக்காரனுக்கு இரண்டாவது ஆல்பத்துக்கு ஆறு மாதம் பற்றாது என்றால், இவருக்கு ஒரு படத்துக்குச் சில நாட்கள். அப்படியும் தரம் நின்றது என்றால், அதை விளக்க எந்தக் கொள்கையும் போதாது. அந்த நெரிசலுக்கு நடுவில்தான் 1986-ல் கதாநாயகன், சிச்சுவேஷன் எதுவும் இல்லாமல் ‘ஹவ் டு நேம் இட்’ போட்டார். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கை, வி.எஸ். நரசிம்மனின் வயலின். புகழ் இல்லாவிட்டால் அந்தக் கேசட்டை யார் வெளியிட்டிருப்பார்கள்?

ரஹ்மானின் மிகச் சிறந்தது ‘ரோஜா’ என்று நான் நினைக்கவில்லை. 1997-ல் வந்த ‘இருவர்’தான். ஐம்பதுகளின் வாடையும் ஜாஸும் கர்னாடகமும் ஒரே படத்தில். படம் வசூலில் தோற்றது. ஐந்து ஆண்டுப் புகழ் கையில் இருந்ததால்தான் அப்படித் துணிய முடிந்தது.

முதல் கட்சிக்கு ஒரு தமிழ்ச் சாட்சியும் தருகிறேன்: ராப் பாடகர் அறிவு. 2021-ல் ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகம் சுற்றியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னாலேயே ஒஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ போட்டிருந்தார். கோபமும் கிண்டலும் தாளமும் அத்தனை இறுக்கமாகச் சேர்ந்து, அதற்குப் பிறகு அவரிடமிருந்து வரவில்லை என்பது என் எண்ணம்.

இனி இந்தச் சண்டையே நடக்குமா என்பதும் சந்தேகம்தான். பதின்மூன்று வயது பில்லி ஐலிஷ் 2015-ல் அண்ணனோடு வீட்டில் பதிவு செய்த ஒரு பாட்டை இணையத்தில் ஏற்றினார். முதல் ஆல்பம் 2019-ல் வருவதற்குள் உலகப் புகழ் வந்துவிட்டது. ஹாம்பர்க்கே இல்லாத தலைமுறை இது. பழகிப் பார்க்கிற காலமும் எல்லோர் கண்ணெதிரிலேயே நடக்கிறது.

வாசகர்கள் இந்த வாரம் ஏதாவது கேட்பதென்றால், ‘இன்னர்விஷன்ஸ்’, ‘இன் யூட்டரோ’, ‘இருவர்’ மூன்றையும் கேளுங்கள். மூன்றும் பேர் வாங்கிய பிறகு போட்டவை. ‘இல்லை, முதல் ஆல்பம்தான் பெஸ்ட்’ என்பவர்கள் தாராளமாக எங்களுக்கு எழுதுங்கள். அது எந்த ஆண்டு வெளிவந்தது என்று வேண்டாம், எந்த ஆண்டு பதிவானது, அதற்கு முன்னால் எத்தனை ஆண்டு எங்கே வாசித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.